நாற்பத்தொன்றாம் எண் வீட்டின் கதவு

வாசகப் பெருமக்களிடம் முதற்கண் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கதை எழுதும் தகுதி எனக்கு உண்டு என்று யாரும் சொன்னதில்லை. இதுவரை நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்களும் அலுவலக ஆண்டறிக்கைகளுமே. துப்பறியும் கதைக்கு இன்றியமையாதது எனக் கருதப்படும் பிணமும் இதில் இல்லை. ஆயினும் ஒரு முற்பகலில் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததை எழுதாமல் இருக்க இயலவில்லை. துப்புகள் எதனையும் ஒளிக்காமல் நடந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன். குறைகளைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மே 13, காலை மணி 9.10.

பெரிய தெருவில், முப்பத்தொன்பதாம் எண் அச்சகத்துக்கும் நாற்பத்து மூன்றாம் எண் மருந்துக் கடைக்கும் இடையே ஒரு சுவர் நின்றது. புதிதாக வெள்ளையடித்த சுவர். சாத்திய ஜன்னல்கள் இரண்டு இருந்தன. கதவு இல்லை.

அதன் எதிரே, ஒரு கையில் பசை வாளியும் மறு கையில் நீதிமன்ற அறிவிப்பும் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். நீதிமன்ற அமீனா. தீர்ப்பான வீடுகளைக் கைப்பற்றிப் பூட்டி முத்திரை வைப்பது அவருடைய பணி. அவருக்கு நாலடி தள்ளி, நீல மேலங்கி அணிந்த பெண்மணி ஒருவர் இரும்புக் கொக்கி ஒன்றால் அதே சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பகுதியின் தண்ணீர் மீட்டர்களைப் படித்துக் குறிப்பெடுப்பவர் அவர். வீட்டுக்கு வீடு அவரை மீட்டரக்கா என்றே அழைப்பார்கள்.

"ஏம்மா, நாற்பத்தொண்ணு எது?" என்றார் அமீனா.

"அதைத்தான் சார் நானும் தேடுறேன். நீங்க எதைத் தொலைச்சீங்க?"

"கதவை."

"நான் மீட்டரை."

அமீனா வாளியைக் கீழே வைத்தார். "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். வீட்டுக்காரன் ஓடிப்போய்ப் பார்த்திருக்கேன். வீட்டுச் சாமான் ஓடிப்போய்ப் பார்த்திருக்கேன். கதவே ஓடிப்போனதை இப்பத்தான் பார்க்குறேன்."

கொக்கி ஓரிடத்தில் வேறு விதமாக ஒலித்தது. மீட்டரக்கா அங்கே குத்தி நெம்பினார். பூச்சு பாளமாக விழுந்தது. உள்ளே இரும்பு மூடி. மூடிக்குள் மீட்டர்.

அவர் தோள்பையிலிருந்து நீளக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். "மார்ச் பதினொண்ணு. பெரிய தெரு நாற்பத்தொண்ணு. ஆயிரத்து எண்ணூத்து ஆறு. வீடு காலி, கதவு பூட்டு. இந்தா, இந்த இடத்துலதான் வாசப்படி இருந்துச்சு. அதுல உட்கார்ந்துதான் எழுதினேன். அன்னைக்குச் செருப்பு அறுந்துபோச்சு, அதனால நல்லா ஞாபகம்."

"அப்போ கதவு எங்கே போச்சு?"

"வீடு அங்கேயேதான் இருக்கு சார். சுத்திப் போய்ப் பார்ப்போம்."

மணி 9.25.

பின் சந்து ஒரு சரக்கு வண்டி நுழையும் அகலமே உடையது. இரண்டு பழைய வீடுகளைத் தாண்டியதும் ஒரு புத்தம் புதிய கதவு தெரிந்தது. வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. நிலையின் மேல் 3 என்று நீலச் சாயத்தில் எழுதியிருந்தது.

மீட்டரக்கா நின்றுவிட்டார். "இந்தச் சந்துல எனக்கு ரெண்டு மீட்டர்தான். ஒண்ணு, ரெண்டு. அதுக்கப்புறம் வெறும் சுவர். மார்ச் பதினொண்ணாந்தேதி இந்தச் சந்தை முடிச்சுட்டுத்தான் அந்தப் பக்கம் வந்தேன்."

வாசலில் சரக்கு வண்டி நின்றது. தலையில் மெத்தையோடு இறங்கிக்கொண்டிருந்தவர் நகரப் பேருந்தின் ஓட்டுநர். இடுப்பில் காகிதக் கோப்பு ஒன்றை இடுக்கிக்கொண்டு சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி, மருத்துவமனைச் செவிலி. ஓட்டுநர் புதியவர்களைப் பார்த்ததும் மலர்ந்தார்.

"வாங்க, வாங்க. பக்கத்து வீடா? உள்ளே வந்து பாருங்க. கதவைத் திறந்தா நேரா அடுப்படி. விருந்தாளி பசியோட நிக்க வேண்டியதே இல்லை."

அமீனா தொண்டையைச் செருமிக்கொண்டு உத்தரவை வாசித்தார். ஒரு நிதி நிறுவனம், நான்கு ஆண்டுகளுக்கு முன் பேட்டரிக் கடைக்காரர் ஒருவருக்கு அவருடைய வீட்டின் பேரில் கடன் கொடுத்திருந்தது. அடமானம் முறைப்படி பதிவாகியிருந்தது. கடன் திரும்பவில்லை. பிப்ரவரியில் தீர்ப்பு. மே 13 அன்று பெரிய தெரு 41ஆம் எண் வீட்டைக் கைப்பற்ற வேண்டும்.

ஓட்டுநர் மெத்தையை மெதுவாக இறக்கினார். அது சந்தில் சாய்ந்து விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ஐயா, இது மூணாம் நம்பர்," என்றார் செவிலி.

"இல்லம்மா. இதுதான் நாற்பத்தொண்ணு."

"பாருங்கய்யா, எழுதியிருக்கு."

அமீனா நிமிர்ந்து அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு, பார்த்ததற்கு வருந்துகிறவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாங்க கண்ணை மூடிக்கிட்டு வாங்கலைங்க," என்றார் செவிலி. குரல் இன்னும் நிதானமாகவே இருந்தது; வார்டில் உறவினர்களிடம் பேசிப் பழகிய குரல். "எல்லாம் தேடிப் பார்த்துத்தான் வாங்கினோம். எங்க அண்ணன் பத்திர எழுத்தர். வில்லங்கச் சான்று கிடைக்க மூணு வாரம் ஆகும்பாங்க. எங்க அண்ணன் மனுப் போட்டு ரெண்டே நாள்ல கையில கொடுத்தாரு."

"ஆமா, மச்சானுக்குப் பதிவு ஆபீஸ்ல அவ்வளவு செல்வாக்கு," என்றார் ஓட்டுநர். அந்த நிலையிலும் அதில் ஒரு பெருமை இருந்தது.

மீட்டரக்கா அதற்குள் வீட்டினுள் போயிருந்தார். அடுக்களையைக் கடந்து, படிக்கட்டின் முதுகுப் புறமாக நடந்து, மறுகோடியில் இருந்த அகலமான கூடத்தை அடைந்தார். சுவரோடு சேர்த்துக் கட்டிய காலணித் தட்டு அங்கே இருந்தது. அதன் பக்கத்தில், ஆள் உயரத்துக்குச் செவ்வகமாக, சுவரின் நிறம் சற்றே வெளிறியிருந்தது.

அவர் திரும்பி வந்து, "வீட்டைத் திருப்பி வச்சிருக்காங்க சார்," என்றார்.

மணி 9.50.

அடுக்களை மேடைமீது காகிதங்கள் பரப்பப்பட்டன. செவிலியின் விரல்கள் அவற்றை ஓரம் பார்த்து அடுக்கின. நோயாளிக்கு ஊசி போடுமுன் பெயர், படுக்கை எண், மருந்தின் அளவு என மூன்று முறை சரிபார்க்கும் விரல்கள் அவை. இந்தக் கோப்பை அவை ஒருமுறையும் புரட்டியதில்லை. அண்ணன் பார்த்துவிட்ட காகிதத்தை மறுபடி பார்ப்பது அண்ணனைச் சந்தேகிப்பது போலாகும் என்று அவர் நினைத்திருந்தார்.

வீடு கிடைத்த விதத்தை ஓட்டுநர் சொன்னார். நொடித்துப்போன வீடுகளைப் பிடித்துக் கைமாற்றிவிடும் வியாபாரி ஒருவர் உண்டு. இடுப்பில் சாவிக்கொத்தோடு திரிவதால் சாவிக்காரர் என்று பெயர். அவர் எந்த வீட்டையும் சொந்தமாக வாங்குவதில்லை. பணமுடையில் இருக்கும் உரிமையாளரோடு அடிமாட்டு விலைக்கு ஓர் ஒப்பந்தம் போடுவார். அந்த ஒப்பந்தத்தை லாபம் வைத்து அடுத்தவருக்கு மாற்றிக் கொடுப்பார். கெடுவுக்குள் மாற்ற வேண்டும் என்பதால் வாங்குகிறவருக்கு யோசிக்க நேரம் இராது.

"மார்ச் இருபத்துமூணாந்தேதி ஒரு விளம்பரத் தட்டியைப் பார்த்துட்டு வந்தோம். முப்பத்தெட்டு லட்சம்னாரு. வெளியே அம்பதுக்குக் குறைஞ்சு கிடைக்காது. முப்பத்தொண்ணாந்தேதிக்குள்ள முடிவு சொல்லணும்னாரு. மறுநாளே இவ அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னா. ஏப்ரல் பதினாறு பத்திரம் பதிஞ்சோம்."

"சான்றை எடுங்க," என்றார் அமீனா. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோயில் மணியடிப்பவர்போல் ஏற்ற இறக்கமின்றி வாசித்தார்: "பின் சந்து, கதவு எண் மூன்று. தேடிய காலம் முப்பது ஆண்டுகள். மனு எண் இருநூற்றுப் பன்னிரண்டு. மனு நாள் மார்ச் ஆறு. மனுதாரர் பத்திர எழுத்தர், உரிம எண் எழுபத்துநான்கு. வழங்கிய நாள் மார்ச் இருபத்தேழு. மேற்படி சொத்தின் பேரில் வில்லங்கப் பதிவு ஏதும் இல்லை."

"பார்த்தீங்களா? ஏதும் இல்லைன்னு போட்டிருக்கு," என்றார் ஓட்டுநர்.

"எப்படிப்பா இருக்கும்? பதிவு ஆபீஸ்ல ஏடெல்லாம் தெருவாரியா இருக்கு. எந்தத் தெரு, எந்த நம்பர்னு கேட்கிறோமோ அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவாங்க. அடமானம் பெரிய தெரு நாற்பத்தொண்ணாவது பக்கத்துல இருக்கு. நீங்க சந்து மூணைக் கேட்டிருக்கீங்க. அந்தப் பக்கம் வெள்ளைக் காகிதம்." அமீனா கண்ணாடியைக் கழற்றினார். "வாசல் இருக்கிற தெருதான் வீட்டுக்கு விலாசம். வாசலை மாத்தினவன் விலாசத்தையே மாத்திட்டான்."

"எங்க பத்திரம்? அதைப் பதிஞ்சாங்களே."

"நாம எழுதிக்கிட்டுப் போறதைப் பதிவாங்கம்மா. நிஜமான்னு தேடுறது வாங்குறவங்க பொறுப்பு."

செவிலி கைகழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வெளியே சரக்கு வண்டிக்காரர், இறக்குவதா வேண்டாமா என்று இரண்டாம் முறையாகக் கேட்டார்.

மணி 10.30.

சாவிக்காரர் வருவது, அவர் சந்தில் திரும்புமுன்பே காதில் விழுந்தது. நாற்பது சாவிகளாவது இருக்கும். வெள்ளைக் காலணி, மடிப்புக் கலையாத சட்டை. ஓட்டுநர் தொலைபேசியில் பேசிய பேச்சுக்கு வேறொருவர் வந்திருக்க மாட்டார். இவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

கேள்விகளை மீட்டரக்கா கேட்டார்.

"கதவை மாத்தினது யாரு?"

"நான்தான். அம்மா யாரு, போலீஸா?"

"தண்ணி மீட்டர்."

"அப்போ நான் ஏன் பதில் சொல்லணும்?"

"என் மீட்டரைப் பூச்சு வச்சு மூடினதுக்கு அபராதம் யார் பேருல எழுதுறதுன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

சாவிக்காரரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "கேளுங்க."

"எப்போ மாத்தினீங்க?"

"மார்ச் பதினாறு ஆரம்பிச்சு பதினெட்டுல முடிஞ்சுது. மேஸ்திரி கணக்குச் சீட்டு இருக்கு."

"ஏன்?"

"பெரிய தெருவுல தூசி, சத்தம். சந்துன்னா குடும்பத்துக்கு அமைதி. அப்படி மாத்தினா நல்ல விலை போகும்னு யோசனை சொன்னாங்க. வீட்டுக்காரரும் சரின்னாரு."

"வீட்டை முதல்ல எப்போ பார்த்தீங்க?"

"மார்ச் பதினாலு. பதினஞ்சு ஒப்பந்தம்."

"யாரு காட்டினா?"

"எங்க தொழில்ல துப்புச் சொல்றவங்க இருக்காங்க. எந்த வீடு நொடிச்சுப் போயிருக்குன்னு சொல்வாங்க. பேரு சொல்ல மாட்டேன். சொன்னா அடுத்த துப்பு வராது."

"அடமானம் இருக்கிறது தெரியுமா?"

"நான் கேட்கிறதே இல்லைங்க. ஒப்பந்தத்துல மூணாவது வரியைப் படிங்க. உள்ளது உள்ளபடி. உரிமை பார்த்துக்க வேண்டியது வாங்குறவங்க. இவங்க வீட்டுலயே பத்திர எழுத்தர் இருக்காருன்னு சொன்னப்போ எனக்கு நிம்மதியாப் போச்சு."

"பேட்டரிக்காரர் எங்கே?"

"பணத்தை வாங்கின மறுநாளே கிளம்பிட்டாரு. எந்த ஊருன்னு சொல்லலை."

ஓட்டுநர் ஓரடி முன்னே வைத்தார். அமீனா பசை வாளியை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தார்.

மணி 11.15.

பத்திர எழுத்தர் ஸ்கூட்டரிலிருந்து இறங்கும்போதே முகம் வெளுத்திருந்தது. சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள். நடுவிரலில் பல்லாண்டு மைக்கறை. தங்கை நின்றிருந்த நிலையைப் பார்த்தார்; மேடைமீதிருந்த நீதிமன்றக் காகிதத்தைப் பார்த்தார்; சாவிக்காரரைப் பார்த்தார். அடுத்த கணம் சாவிக்காரரின் சட்டைக் காலர் அவர் கையில் இருந்தது.

"என் தங்கச்சிடா. யாரு வயித்துல அடிச்சிருக்கேன்னு தெரியுதா உனக்கு?"

சாவிகள் குலுங்கின. சாவிக்காரர் திமிறவில்லை. எழுத்தரை உற்றுப் பார்த்துவிட்டு, செவிலியையும் ஒருமுறை பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்போதுதான் முழுவதுமாகப் போயிற்று.

"விடுண்ணே," என்று செவிலி அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தார். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. நமக்காக ஒருவர் கோபப்படும் வரையில் நாம் அழுவதில்லை போலும்.

எழுத்தர் மூச்சு வாங்கி முடிக்கும் வரை மீட்டரக்கா பொறுத்திருந்தார்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களை மூணு கேள்வி கேட்கலாமா?"

"கேளுங்கம்மா."

"இந்த வீட்டைப் பத்தி முதல்ல எப்போ கேள்விப்பட்டீங்க?"

"பாப்பா போன் பண்ணினப்போதான். மார்ச் இருபத்துநாலு."

"மனு எப்போ போட்டீங்க?"

"மறுநாள். காலையில வந்து வீட்டை நேர்ல பார்த்தேன். கதவு சந்துல இருந்துச்சு, மூணுன்னு எழுதியிருந்துச்சு. கண்ணால பார்த்ததைத்தான் எழுதினேன். அது என் தப்புன்னா தப்புதான்."

"சான்று எப்போ வந்தது?"

"இருபத்தேழு. ஆபீஸ்ல தெரிஞ்சவங்க இருக்காங்க."

"சரிங்கய்யா," என்றார் மீட்டரக்கா. குறிப்பேட்டைத் திறந்து, மார்ச் பக்கத்தை மறுபடி படித்தார். பிறகு அதை மூடாமல் மேடைமேல் வைத்தார்.

மணி 11.40.

"அமீனா சார். வேகமா வந்த பஸ்ஸுலகூட ஏறினவங்க எந்த ஸ்டாப்புல ஏறினாங்கன்னு டிக்கெட்டுல இருக்கும். அந்தச் சான்றுல மனு நாளை மட்டும் இன்னொரு தடவை வாசிங்க."

அமீனா கண்ணாடியை மாட்டினார். "மனு நாள், மார்ச்..." அவர் நிறுத்தினார். காகிதத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். "மார்ச் ஆறு."

"காலையிலேயே வாசிச்சீங்க. நாம எல்லாரும் 'ஏதும் இல்லை'ங்கிறதை மட்டும் காதுல வாங்கினோம். மார்ச் பதினொண்ணாந்தேதி நான் இந்தச் சந்துக்கு வந்தேன். இங்கே வெறும் சுவர். மீட்டரும் கதவும் பெரிய தெருவுல. கதவு இங்கே வந்தது பதினெட்டாந்தேதி. சாவிக்காரரே வீட்டைப் பார்த்தது பதினாலாந்தேதி. மார்ச் ஆறாந்தேதி பின் சந்து மூணாம் நம்பர்னு இந்த உலகத்துல ஒரு வீடு கிடையாது. இல்லாத வீட்டுக்கு அன்னைக்கு ஒருத்தர் சான்று கேட்டிருக்காரு. கதவு இங்கே வரப்போகுதுன்னு தெரிஞ்சவராலதான் அதைக் கேட்க முடியும்."

யாரும் எழுத்தரைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பது அங்கிருந்த அனைவருக்கும் பெரும் பாடாக இருந்தது.

"ஆபீஸ்ல தேதியைத் தப்பாப் போட்டிருப்பாங்க," என்றார் எழுத்தர்.

"இருக்கலாங்கய்யா. அமீனா சார், உங்களுக்கும் அந்த ஆபீஸுக்கும் தினம் போக்குவரத்து உண்டு. ரெண்டு நாள்ல சான்று வாங்க அங்கே வழி இருக்கா?"

"நீதிபதி கேட்டாலும் மூணு வாரம்தான். வரிசை எண்ணைத் தாண்டவே முடியாது." அமீனா விரல்விட்டு எண்ணினார். "ஆறுல இருந்து இருபத்தேழு. இருபத்தொரு நாள். கணக்குச் சரியா இருக்கு."

"தேதி தப்பில்லைங்க. ரெண்டு நாள்ங்கிறதுதான் தப்பு. இந்த மாதிரி வீடு வாங்குறவங்களுக்குக் கெடு ஒரு வாரம். சான்றுக்கு மூணு வாரம் காத்திருந்தா நாலு பேரைக் கேட்பாங்க, அக்கம்பக்கம் விசாரிப்பாங்க. அதனால வாங்குறவங்க யாருன்னே தெரியறதுக்கு முன்னாடி, கதவு வைக்கிறதுக்கு முன்னாடி, மனு போயிருக்கு. உரிம எண் எழுபத்துநாலு." மீட்டரக்காவின் குரல் தாழ்ந்தது. "பேட்டரிக்காரருக்கு இந்த யோசனையைச் சொன்னவரும், சாவிக்காரருக்குத் துப்புச் சொன்னவரும், இந்தம்மாவோட அண்ணன்தாங்க."

"மச்சான்," என்றார் ஓட்டுநர்.

சாவிக்காரர் தம் காலரைச் சரிசெய்துகொண்டார். "பேரை நான் சொல்லலைங்க. ரெண்டு லட்சம் துப்புக் கூலி, அது அவருக்குப் போயிடுச்சு. ஆனா இவங்க அவரோட தங்கச்சின்னு, சத்தியமா, சட்டையைப் பிடிச்சாரே, அப்பத்தான் எனக்குத் தெரியும். பத்திரம் பதியிற அன்னைக்குக்கூட, யாரோ மாதிரிதான் நின்னாரு."

செவிலி அண்ணனின் கையை இன்னும் விடவில்லை. தாம் அதைப் பிடித்திருப்பதே அவருக்கு நினைவில்லை என்று தோன்றுகிறது.

"அண்ணே. அவங்க சொல்றது இல்லைன்னு சொல்லு."

எழுத்தர் சுவரைப் பார்த்துப் பேசினார். "அந்த அடமானப் பத்திரத்தை எழுதினதே நான்தான், நாலு வருஷம் முன்னாடி. தீர்ப்பு வந்ததும் பேட்டரிக்காரன் வந்து அழுதான். வேற யாராவது வாங்குவாங்கன்னு நெனச்சேன். கொஞ்ச நாள்ல கடனை அடைச்சுடுறேன்னு சொன்னான். அடைச்சுட்டா யாருக்கும் நஷ்டம் இல்லை. நீ வருவேன்னு எனக்குத் தெரியாது, பாப்பா."

"நான் போன் பண்ணினேனே."

"பண்ணினே."

"வீட்டு அடையாளம் சொன்னேன். பின் சந்து, நீல நம்பர்னு. நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சிக்னல் இல்லைன்னு நெனச்சு நான் ஹலோ ஹலோன்னு கத்தினேன்."

எழுத்தர் கட்டைவிரலால் மைக்கறையைத் தேய்த்தார்.

"அப்புறம், 'பார்த்துச் சொல்றேன்'னே. மூணு நாள் கழிச்சுச் சான்றைக் கொண்டுவந்து கொடுத்தே. நான் உனக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்."

"துப்புக் கூலி வாங்கிச் செலவும் பண்ணிட்டேன். வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேட்பே. என்ன காரணம் சொல்றதுன்னு தெரியலை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

செவிலி கையை விட்டார். ஓட்டுநர் அருகில் வந்து, "ஏய், உட்காரு," என்று ஒரு மூட்டையை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

மணி 12.05.

அமீனா மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நான் இன்னைக்கு இந்த வீட்டைப் பூட்டியாகணும். வேற வழி இல்லை. சாமானை எடுக்க நாலு மணி வரைக்கும் நேரம் தர்றேன். ஆனா மோசடின்னு ஒரு புகார் எழுதிக் கொடுத்தீங்கன்னா, இந்த உத்தரவோட சேர்த்து நீதிமன்றத்துல வைப்பேன். வீடு திரும்பக் கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். பணத்துல ஏதாவது ஒரு காலத்துல கேட்கிறதுக்கு அதுதான் பிடி. இன்னைக்கே எழுதணும். யார் மேலேன்னு பேரு போட்டு எழுதணும்."

ஓட்டுநர் மனைவியைப் பார்த்தார். எழுதச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. வேண்டாமென்று சொல்லவும் வரவில்லை. "உன் இஷ்டம்," என்றார்.

செவிலி கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினார். மேடைமேல் வைத்தார். பேனாவுக்காகச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

எழுத்தர், முப்பது ஆண்டுப் பழக்கத்தில், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினார். நீட்டிய பிறகுதான் தாம் செய்தது அவருக்குப் புரிந்தது. கையை மடக்கவும் இல்லை.

செவிலி அதை வாங்கிக்கொண்டார். சாவிக்காரரின் பெயரை எழுதினார். பேட்டரிக்காரரின் பெயரை எழுதினார். மூன்றாவது இடத்தில் பேனா நின்றது. பிறகு அண்ணனின் பெயரை, தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, முழுமையாக எழுதினார். தமக்கும் உள்ள அதே முதலெழுத்து.

"பத்திர எழுத்தர்னு சேர்த்துப் போடு," என்றார் எழுத்தர். குரல் யாருடையதோ போலிருந்தது. "உரிம எண்ணும் போடணும். இல்லைன்னா எடுத்துக்க மாட்டாங்க."

செவிலி போட்டார்.

"மனு எண்ணையும் தேதியையும் எழுது. மார்ச் ஆறு. கீழே இணைப்புன்னு போட்டு, சான்றோட நகல்னு எழுதிடு."

அவர் சொல்லச் சொல்லத் தங்கை எழுதினார். பள்ளி நாட்களில் அண்ணன் சொல்ல அவர் எழுதியதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஓட்டுநருக்குத் தோன்றியது. அவரால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போய்ச் சரக்கு வண்டிக்காரரிடம், இறக்கியவற்றை மறுபடி ஏற்றச் சொன்னார்.

மீட்டரக்கா குறிப்பேட்டில் அன்றைய எண்ணை எழுதிக்கொண்டு பெரிய தெருப் பக்கம் நடந்தார். அவருக்கு இன்னும் அறுபது வீடுகள் பாக்கி இருந்தன.

மாலை மணி 4.00க்குப் பின் சந்துக் கதவில் முத்திரை வைக்கப்பட்டது.

இழந்தவற்றை எனக்குத் தெரிந்த அளவில் கீழே தருகிறேன். வீட்டுக்குக் கொடுத்த முப்பத்தெட்டு லட்சம். இதில் பதினொரு ஆண்டுச் சேமிப்பு பத்தொன்பது, ஓட்டுநர் சேமநிதியில் எடுத்த கடன் பன்னிரண்டு, நகைகளின்மேல் வாங்கியது ஏழு. இவற்றில் இந்நாள் வரை திரும்பி வந்தது எதுவும் இல்லை. நகைகள் ஏலம் போயின. முன்பு குடியிருந்த வாடகை வீடு வேறொருவருக்குப் போய்விட்டதால் இருவரும் மருத்துவமனை விடுதியின் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். சரக்கு வண்டிக்கு இருமுறை வாடகை. பத்திர எழுத்தர் உரிமம் எண் எழுபத்துநான்கு, நீக்கப்பட்டது. அண்ணனும் தங்கையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பேசாத ஞாயிறுகள் இன்றோடு இருபத்தாறு.